கிட்னி ரிஜெக்‌ஷனை ரத்தத்திலேயே கண்டுபிடிக்கலாம் என்கிறார்களே, அப்படியானால் பயாப்ஸி வேண்டாமா?

தம்பியின் அக்கா | ஞாயிறு, இரவு 10.50

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருஷமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றுதான் முதல்முறையாக எழுதுகிறேன்.

தம்பிக்கு 31 வயது. அம்மாவின் சிறுநீரகத்தை அவனுக்கு வைத்து 14 மாதம் ஆகிறது. டிஸ்சார்ஜ் ஆனபோது கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவு, அது சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் ஏறும்) 1.1. ஒரு வருஷம் அதிலேயே நின்றது. ஆறு வாரத்துக்கு முன்னால் 1.3 வந்தது, போன வாரம் 1.6. நேற்று எடுத்ததில் 1.7. யூரின் கல்ச்சரில் கிருமி இல்லை. ஸ்கேனில் அடைப்பு இல்லை. உடம்பு புதுச் சிறுநீரகத்தைத் தாக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையின் ரத்த லெவல் 9.2, அதில் குறை ஒன்றும் இல்லை என்கிறார்கள். டாக்டர், "பயாப்ஸி எடுத்துவிடலாம், தள்ளிப்போட வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். வைத்த சிறுநீரகத்திலிருந்து ஊசியால் சின்னத் துண்டு எடுத்து, உடம்பு அதை ஏற்காமல் தாக்குகிறதா (ரிஜெக்‌ஷன்) என்று பார்ப்பார்களாம்.

அம்மா ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறார். "நான் கொடுத்ததில் போய் ஊசியால் குத்துவார்களா, நல்லா இருக்கிறதும் கெட்டுப்போகும்" என்று இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. தன் சிறுநீரகத்தில்தான் ஏதோ குறை என்று மனதுக்குள் நினைக்கிறார் போலிருக்கிறது.

தம்பிக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்: கொடுத்தவருடைய டிஎன்ஏ ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தே ரிஜெக்‌ஷனைச் சொல்லிவிடலாமாம். ஒரு தனியார் ஆய்வகத்தில் விசாரித்தேன். என்னுடைய இரண்டு மாதச் சம்பளம் கேட்கிறார்கள். புரட்டிவிடலாம். அதை எடுத்தால் பயாப்ஸியைத் தவிர்க்க முடியுமா? யாராவது எடுத்திருக்கிறீர்களா?

பதினாலு வருஷம் | ஞாயிறு, இரவு 11.35

தங்கச்சி, முதலில் அம்மாவைச் சாப்பிட வையுங்கள். ஒரே சிறுநீரகத்தோடு இருப்பவர் பட்டினி கிடக்கக் கூடாது.

எனக்கு என் மனைவி கொடுத்தார். 14 வருஷம் ஓடிவிட்டது. இதுவரை மூன்று பயாப்ஸி. முதல் பயாப்ஸிக்கு முன்னால் நானும் உங்கள் அம்மா மாதிரிதான் அழுதேன். அந்த ரத்த டெஸ்ட் பற்றி விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: 1.1 என்பது 1.7 ஆகிவிட்டால் அது சும்மா ஏறியதல்ல. கிரியாட்டினின் தாமதமாக ஏறும் நம்பர். அது ஏறும்போது உள்ளே வேலை தொடங்கிக் கொஞ்ச நாள் ஆகியிருக்கும். டாக்டர் சொன்ன தேதியை மட்டும் மாற்றாதீர்கள்.

வேலூர் லேப் | திங்கள், காலை 6.20

சகோதரி, நான் மருத்துவர் அல்ல, ஆய்வகத்தில் வேலை செய்பவன். இந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்பதை மட்டும் விளக்குகிறேன். எதை எடுப்பது என்ற முடிவு உங்கள் நெப்ராலஜி டாக்டருடையது.

உடம்பில் தினமும் செல்கள் சாகின்றன. செத்த செல் உடையும்போது அதன் டிஎன்ஏ துண்டு துண்டாகி ரத்தத்தில் கலக்கும். ஒரு துண்டு 160, 170 எழுத்து (டிஎன்ஏவின் அடிப்படை அலகைத்தான் எழுத்து என்கிறேன்) நீளம்தான் இருக்கும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் அதில் பெரும்பங்கை உடம்பே துடைத்துவிடும். அதனால் இப்போது ரத்தத்தில் மிதப்பது இன்றைய நிலவரத்தைச் சொல்லும், போன மாதத்துப் பழைய கதையை அல்ல. இதுதான் இந்தச் சோதனையின் அழகு.

தம்பியின் ரத்தத்தில் மிதக்கும் துண்டுகளில் மிகப் பெரும்பகுதி அவருடைய செல்களிலிருந்தே வருவது. அம்மாவின் சிறுநீரகத்திலிருந்து வருவது மிகக் கொஞ்சம், நூறு துண்டில் ஒன்றுகூட இருக்காது. உடம்பு அந்தச் சிறுநீரகத்தைத் தாக்க ஆரம்பித்தால் அங்கே செல்கள் அதிகமாகச் சாகும், அம்மாவின் பங்கு கூடும். அந்தப் பங்கைத்தான் சதவீதமாக ரிப்போர்ட்டில் போடுகிறார்கள்.

இரண்டு பேருடைய துண்டுகளை எப்படிப் பிரிப்பது என்பதுதான் ரொம்ப காலம் சிக்கலாக இருந்தது. 1998-ல் ஹாங்காங்கில் டென்னிஸ் லோ குழு இதை முதலில் காட்டியது. ஆணின் சிறுநீரகமோ கல்லீரலோ பொருத்தப்பட்ட பெண்களின் ரத்தத்தில் ஒய் குரோமோசோம் துண்டுகளைத் தேடிப் பார்த்தார்கள், இருந்தது. பெண்ணின் உடம்பில் ஒய் இருக்க வழியில்லை, ஆகவே அது கொடையாளியுடையதுதான். ஆனால் ஆண் கொடுத்துப் பெண் வாங்கினால் மட்டுமே அந்த வழி செல்லும். உங்கள் வீட்டில் அம்மா கொடுத்து மகன் வாங்கியிருக்கிறார், அதனால் ஒய் வழி உதவாது. 2011-ல் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீஃபன் குவேக் குழு, ஆளுக்கு ஆள் ஓர் எழுத்து மட்டும் மாறும் இடங்களை ஜீனோம் (ஒருவரின் மொத்த டிஎன்ஏ) முழுக்கப் பார்த்துப் பிரிக்க முடியும் என்று காட்டியது. அதற்குப் பிறகு யார் யாருக்குக் கொடுத்தாலும் கணக்கிடலாம் என்றானது. அமெரிக்காவில் 2017-ல் வந்த அல்லோஷ்யூர் சோதனை அப்படிப்பட்ட 266 இடங்களைப் பார்க்கிறது. ஒரே கரு இரட்டையருக்கு மட்டும் இது வேலை செய்யாது, இரண்டு பேருக்கும் எழுத்து ஒன்றுதான். 1954-ல் பாஸ்டனில் வெற்றிகரமாக நடந்த முதல் சிறுநீரக மாற்று அப்படிப்பட்ட இரட்டையருக்குத்தான். அவர்களுக்கு இது தேவையும் படாது.

தாய்க்கும் மகனுக்கும் பாதி எழுத்து பொது. மீதியை வைத்துக் கணக்கிடலாம், ஆனால் கொடுத்தவர் அம்மா என்பதைப் படிவத்தில் கட்டாயம் எழுத வேண்டும். விட்டுவிட்டால் கணக்கு தப்பும். குழாயும் முக்கியம். சாதாரண ஊதா மூடிக் குழாயில் எடுத்து நாள் முழுக்க வைத்திருந்தால் தம்பியின் வெள்ளணுக்கள் உடைந்து அவருடைய டிஎன்ஏ குழாய்க்குள்ளேயே கொட்டும். அம்மாவின் பங்கு பொய்யாகக் குறைந்து தெரியும். செல்கள் உடையாமல் காக்கும் தனிக் குழாய் இருக்கிறது. எடுப்பவரிடம் கேளுங்கள்.

பயாப்ஸிக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளலாமா? உங்கள் தம்பியின் நிலையில் முடியாது என்றுதான் நான் நினைக்கிறேன். காரணத்தை இரவு வந்து எழுதுகிறேன், இப்போது ஷிஃப்ட்.

நெல்லை வாசகன் | திங்கள், காலை 9.05

என் மனைவிக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அரசு மருத்துவமனையில் வைத்தார்கள். மாத்திரையும் அங்கேயே கிடைக்கிறது. ஏழு வருஷத்தில் கிரியாட்டினினும் டாக்ரோ லெவலும் மட்டும்தான் பார்த்தோம். இரண்டு மாதச் சம்பளத்தை ஒரு குழாய் ரத்தத்துக்குக் கொடுக்கச் சொல்வது எனக்கு வியாபாரமாகத்தான் படுகிறது. ரிசல்ட் அதிகமாக வந்தால் எப்படியும் பயாப்ஸி எடுக்கச் சொல்வார்கள். குறைவாக வந்தாலும் கிரியாட்டினின் ஏறியிருப்பதால் பயாப்ஸிதான் சொல்வார்கள். பிறகு எதற்கு அது?

எடிசன் இதயம் | திங்கள், மாலை 6.40

நெல்லை அண்ணன் கடைசியாகக் கேட்ட கேள்வி மிகச் சரி. இந்த அக்காவின் தம்பிக்கு அது அப்படியே பொருந்தும். ஆனால் முழுக்க வியாபாரம் என்று தள்ள என்னால் முடியாது. என் கதையைச் சொல்கிறேன்.

நான் நியூஜெர்சியில் இருக்கிறேன், மாற்று இதயம். முதல் வருஷத்தில் மட்டும் 13 பயாப்ஸி. கழுத்து நரம்பு வழியாக ஒரு மெல்லிய கம்பியை இதயத்துக்குள் இறக்கி, நுனியில் இருக்கும் சின்ன இடுக்கியால் தசையைக் கிள்ளி எடுப்பார்கள். ஒவ்வொரு தடவையும் நாலைந்து துண்டு. முழித்துக்கொண்டுதான் இருப்போம். கிள்ளும்போது இதயம் ஒரு துள்ளு துள்ளும், அது நமக்கே தெரியும். பத்தாவது தடவைக்குப் பிறகு, பயாப்ஸி நாளுக்கு முந்தின இரவு எனக்குத் தூக்கம் வருவதே நின்றுவிட்டது.

உங்களுக்குக் கிரியாட்டினின் என்று ஒரு நம்பர் இருக்கிறது, தாமதமாக ஏறினாலும் ஏறுகிறது. இதயத்துக்கு அப்படி நம்பக்கூடிய மலிவான நம்பர் எதுவும் இல்லை. நான் நன்றாகத்தான் நடந்துகொண்டிருப்பேன், உள்ளே ரிஜெக்‌ஷன் போய்க்கொண்டிருக்கலாம். அதனால்தான் எங்களுக்கு ரத்தச் சோதனை முதலில் வந்தது. அல்லோமேப் என்று பெயர், 2008-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதித்தது. அது டிஎன்ஏ துண்டைப் பார்ப்பதல்ல. நம் வெள்ளணுக்களில் எந்தெந்த ஜீன்கள் விழித்திருக்கின்றன என்று பார்த்து 0 முதல் 40 வரை மதிப்பெண் போடும். 2010-ல் வந்த ஓர் ஆய்வில் 602 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான பயாப்ஸி, மறு பாதிக்கு இந்த ரத்தச் சோதனை. இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் மோசமான விளைவு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான், 14.5 சதவீதமும் 15.3 சதவீதமும். பயாப்ஸி எண்ணிக்கைதான் மாறியது. ஒரு பக்கம் ஆளுக்கு வருஷத்துக்கு மூன்று, மறுபக்கம் அரை.

அதில் சேர்க்கப்பட்டவர்கள் அறுவை முடிந்து ஆறு மாதமாவது ஆனவர்கள், நன்றாக இருப்பவர்கள். அதை மறக்கக் கூடாது. நன்றாக இருப்பவரை வீணாகக் குத்தாமல் இருக்க அந்தச் சோதனை உதவுகிறது. நம்பர் ஏற்கெனவே ஏறிவிட்டவருக்கு என்ன நோய் என்று அது சொல்லாது.

விலை: இங்கே அல்லோஷ்யூருக்கு மெடிகேர் என்ற அரசு காப்பீடு நிர்ணயித்த தொகை ஒரு தடவைக்கு 2,841 டாலர். பயன் இருக்கிறதோ இல்லையோ மாதாமாதம் எழுதிக்கொடுத்த காலமும் இருந்தது. 2023 மார்ச்சில் மெடிகேர் எந்தச் சூழ்நிலையில் பணம் தருவோம் என்று இறுக்கிப்பிடித்தது. நோயாளிகள் சங்கங்கள் கொதித்தன. நான் அப்போது நோயாளிகள் பக்கம். இப்போதும் அப்படித்தான்.

தம்பியின் அக்கா | செவ்வாய், மதியம் 1.15

எல்லோருக்கும் நன்றி. எழுதவே கை நடுங்குகிறது, ஆனால் நல்ல செய்திதான் என்று நினைக்கிறேன்.

1.6 வந்த அன்றைக்கே, எங்கள் யாரிடமும் சொல்லாமல், தம்பி போய் அந்த ரத்தத்தைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். காசு சேர்த்து வைத்திருந்தானாம். இன்று காலை ரிப்போர்ட் வந்தது. 0.4 சதவீதம். 1 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ரிஜெக்‌ஷனுக்கான வாய்ப்புக் குறைவு என்று அதிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அம்மா கோயிலுக்குப் போய்விட்டு வந்து நாலு நாளுக்குப் பிறகு இன்றுதான் சோறு சாப்பிட்டார். தம்பி பயாப்ஸி வேண்டாம் என்கிறான். வியாழக்கிழமை தேதி கொடுத்திருக்கிறார்கள். ரத்து செய்துவிடலாமா?

வேலூர் லேப் | செவ்வாய், மதியம் 1.40

ரத்து செய்யாதீர்கள். தயவுசெய்து. முழுதாக எழுத அரை மணி நேரம் கொடுங்கள்.

வேலூர் லேப் | செவ்வாய், மதியம் 2.25

சகோதரி, அம்மா சாப்பிட்டார் என்பதைப் படித்தபோது எனக்கும் சந்தோஷம். அதைக் கெடுக்க மனமில்லை, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்த 1 சதவீதம் என்ற கோடு டார்ட் என்ற அமெரிக்க ஆய்விலிருந்து பேர்பெற்றது. 2017-ல் வெளியானது. உங்கள் தம்பி மாதிரியே, டாக்டருக்குச் சந்தேகம் வந்து பயாப்ஸி எடுத்த 102 பேரின் ரத்தத்தைச் சோதித்து பயாப்ஸி முடிவோடு ஒப்பிட்டார்கள். கோட்டுக்கு மேலே வந்தவர்களில் 61 சதவீதம் பேருக்குத்தான் உண்மையில் ரிஜெக்‌ஷன். கோட்டுக்குக் கீழே வந்தவர்களில் 84 சதவீதம் பேருக்கு ரிஜெக்‌ஷன் இல்லை. திருப்பிப் படித்தால், "கவலை இல்லை" என்று வந்த நூறு பேரில் பதினாறு பேருக்கு இருந்தது.

அடுத்ததுதான் உங்களுக்கு முக்கியம். ரிஜெக்‌ஷன் ஒரே மாதிரி இல்லை. ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதம் சிறுநீரகத்தின் ரத்தக்குழாய்களைத் தாக்குவது ஒரு வகை. டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் உள்ளே புகுந்து நுண்குழல்களைத் தாக்குவது இன்னொரு வகை. அந்த ஆய்வில் ஆன்டிபாடி வகைக்கு நடு மதிப்பு 2.9 சதவீதம், பளிச்சென்று தெரிகிறது. டி செல் வகையைத் தீவிரத்தை வைத்து 1ஏ, 1பி என்று படிப்படியாகப் பிரிப்பார்கள். அதில் 1பி-யும் அதற்கு மேலும் இருந்தவர்களுக்கு 1.2. ஆனால் 1ஏ என்று சொல்லும் ஆரம்ப வகைக்கு 0.2. ரிஜெக்‌ஷன் இல்லாதவர்களுக்கு எவ்வளவு தெரியுமா? 0.3. அதாவது 1ஏ-யை இந்தக் கோடு கண்டுகொள்ளவே இல்லை. டி செல் வகையில் அகப்பட்டவர்கள் மொத்தமாகவே சில பேர்தான், அதனால் அந்த 0.2-ஐக் கல்லில் செதுக்கியது மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் 0.4 வந்ததும் நிம்மதியாகப் படுத்துத் தூங்கலாம் என்று இதைப் படித்த யாரும் சொல்ல மாட்டார்கள்.

சதவீதம் என்பதிலேயே ஒரு பலவீனம் இருக்கிறது. காய்ச்சலோ தொற்றோ இருந்தால் தம்பியின் சொந்த டிஎன்ஏ கூடிவிடும், அம்மாவின் பங்கு சிறுத்துத் தெரியும். மறுபக்கம், பிகே வைரஸ் சிறுநீரகத்தை அரித்தாலும் பங்கு கூடும், அது ரிஜெக்‌ஷன் அல்ல. அதற்கு மருந்தைக் குறைக்க வேண்டும், ரிஜெக்‌ஷனுக்குக் கூட்ட வேண்டும். எது என்று தெரியாமல் ஒன்றைச் செய்தால் நேர் எதிராகப் போய்விடும். திசுவைப் பார்த்தால்தான் தெரியும்.

எடிசன் இதயம் | செவ்வாய், மாலை 5.10

அக்கா, ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். இதயத்துக்குக் கோடு 0.2, 0.25 என்ற அளவில்தான் இருக்கும். உங்கள் தம்பியின் 0.4 எனக்கு வந்திருந்தால் அன்றைக்கே என்னை மருத்துவமனைக்குக் கூப்பிட்டிருப்பார்கள். உறுப்புக்கு உறுப்பு கோடு வேறு. இன்னொன்று, ஒரே ஒரு தடவை எடுத்த நம்பரைவிட அதே ஆளுக்கு வரிசையாக எடுத்த நம்பர்கள்தான் பேசும். எனக்கு எப்போதும் 0.1-க்குக் கீழே வரும், திடீரென்று மும்மடங்கானால் டாக்டர் கேட்பார். உங்கள் தம்பிக்கு முன்னால் எடுத்த நம்பரே கிடையாது.

பதினாலு வருஷம் | செவ்வாய், இரவு 9.20

தங்கச்சி, எனக்கு இந்தச் சதவீதக் கணக்கெல்லாம் முழுசாகப் புரியவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. டாக்ரோ லெவல் 9.2 என்று எழுதியிருந்தீர்கள். 14 மாதம் ஆனவருக்கு, மாத்திரையைக் குறைத்துக்கொண்டு வரும் கட்டத்தில், அது நல்ல உயரம். அவ்வளவு லெவல் இருக்கும்போது கிரியாட்டினின் இப்படி ஏறுவானேன்? மருந்து கூடிப்போனாலும் கிரியாட்டினின் ஏறும், அது வேறு. ஆனால் தம்பியிடம் கேட்டுச் சொல்லுங்கள்: அந்த லெவலுக்கு ரத்தம் கொடுக்கப் போன அன்று காலை மாத்திரையைப் போட்டுவிட்டுப் போனாரா, போடாமல் போனாரா?

தம்பியின் அக்கா | செவ்வாய், இரவு 10.45

அண்ணா, கேட்டேன். அவன் இப்போது தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட். மூன்று மாதமாக வாரம் மாற்றி வாரம். காலை 7 மணிக்கு வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போதே மாத்திரையைப் போட்டுவிட்டு, 9 மணிக்கு லேப்பில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். இரவு மாத்திரையை எத்தனை மணிக்குப் போடுகிறாய் என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். ஷிஃப்டில் மெஷினை விட்டு நகர முடியாது, அதனால் சில நாள் 9 மணி மாத்திரை 12 மணிக்கு, சில நாள் அதுவும் இல்லை என்றான். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்றான்.

பதினாலு வருஷம் | செவ்வாய், இரவு 11.05

சரி. அவரைத் திட்டாதீர்கள். நானும் நாலாவது வருஷம் இதே தப்பைச் செய்தேன், கல்யாண சீசனில், சமையல் கான்ட்ராக்டில் அலைந்துகொண்டு.

லெவல் என்பது அடுத்த மாத்திரை போடுவதற்குச் சற்று முன்னால், அதாவது பன்னிரண்டு மணி நேரம் ஆனபின் எடுக்க வேண்டியது. மருந்து உடம்பில் அடித்தட்டில் நிற்கும் நேரம் அது. போட்டு இரண்டு மணி நேரத்தில் எடுத்தால் உச்சத்தில் எடுத்ததாகிவிடும். 9.2 என்பது உச்சத்தில் வந்த நம்பர் என்றால் அடித்தட்டு எங்கே கிடக்கும் என்று நீங்களே யோசியுங்கள். நாளைக்கே டாக்டருக்குப் போன் போட்டு இதை அப்படியே சொல்லுங்கள். மாத்திரை விட்டதையும் சொல்லுங்கள், மறைத்தால் அவர் வேறு எங்கேயோ காரணம் தேடிக்கொண்டிருப்பார்.

வேறு ஏதாவது மருந்து, கஷாயம் எடுத்தாரா என்றும் கேளுங்கள். எங்கள் வார்டில் ஒருவருக்குக் காசநோய்க்கு ரிஃபாம்பிசின் கொடுத்து டாக்ரோ லெவல் பாதாளத்துக்குப் போனது. பம்பளிமாஸ் பழம் எதிர்ப்பக்கம், லெவலை ஏற்றிவிடும்.

அப்புறம் அம்மாவுக்கு. மாற்றுச் சிறுநீரகம் முதுகுப்பக்கம் ஆழத்தில் இல்லை, அடிவயிற்றில் தோலுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. மல்லாந்து படுக்க வைத்து, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே, மரத்துப்போக ஊசி போட்டு எடுப்பார்கள். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும், அவ்வளவுதான். வருவது நூல் மாதிரி ஒரு துண்டு, ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கும். ஆறு மணி நேரம் போல அசையாமல் படுக்க வேண்டும், எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு நாள் சிறுநீரில் ரத்தம் வரலாம். பெரிய சிக்கல் அபூர்வம். ஆஸ்பிரின் மாதிரி ரத்தத்தை இளக்கும் மாத்திரை எடுத்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். என் மனைவி கொடுத்த சிறுநீரகம் மூன்று தடவை குத்து வாங்கியிருக்கிறது, இன்றைக்கும் 1.4-ல் நிற்கிறது. இதை அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள்.

கல்லீரல் அம்மா | புதன், காலை 7.30

என் மகளுக்கு மூன்று வயதில் என் கல்லீரலில் ஒரு பகுதியை வைத்தார்கள். இப்போது ஒன்பது வயது. அவளுக்கு பயாப்ஸி எடுத்தபோது வெளியே உட்கார்ந்திருந்தேன். கொடுத்தவருக்கு வரும் அந்த நினைப்பு எனக்குத் தெரியும்: நான் கொடுத்தது சரியில்லையோ என்று. உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள், தப்பு உறுப்பில் இல்லை. வந்தது வேற்று ஆள் என்று மகனின் உடம்பு கண்டுபிடித்துவிட்டது, அதன் வேலையே அதுதான். என் டாக்டர் என்னிடம் இதைச் சொன்ன பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. அம்மா விரும்பினால் நான் அவரோடு பேசுகிறேன்.

நெல்லை வாசகன் | புதன், காலை 8.10

நான் முதலில் கடுமையாக எழுதிவிட்டேன். தம்பி தன் காசில் எடுத்தது எனக்குத் தெரியாது. அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஷிஃப்ட் மாற்றித் தரச் சொல்லி டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கித் தொழிற்சாலையில் கொடுங்கள். என் மனைவிக்கு அப்படித்தான் செய்தோம், பகல் வேலை கொடுத்தார்கள்.

தம்பியின் அக்கா | சனி, இரவு 8.40

மூன்று நாளாக எழுத நேரமில்லை. எல்லாம் சொல்கிறேன்.

புதன்கிழமை டாக்டரிடம் உண்மையைச் சொன்னோம். திட்டுவார் என்று பயந்தோம், திட்டவில்லை. வியாழன் காலை மாத்திரை போடாமல், சரியாகப் பன்னிரண்டு மணி நேரம் விட்டு லெவல் எடுக்கச் சொன்னார். 3.9. டிஎன்ஏ ரிப்போர்ட்டைக் காட்டினோம். பார்த்தார், ஃபைலில் வைத்துக்கொண்டார். "ஆன்டிபாடி வகையாக இருக்காது என்று ஒரு தைரியம் தருகிறது, ஆனால் இதை வைத்து மருந்து கொடுக்க முடியாது" என்றார். ஆன்டிபாடிக்குத் தனியாகவும் ரத்தம் எடுத்தார்கள். அது இல்லை என்று வந்தது. பிகே வைரஸும் இல்லை.

பயாப்ஸி வியாழன் மதியம். அம்மா கூடவே வந்தார். அண்ணன் எழுதியதைப் பஸ்ஸில் இரண்டு தடவை படிக்கச் சொன்னார். தம்பி வெளியே வந்ததும் அவன் வயிற்றில் பிளாஸ்திரி ஒட்டிய இடத்துக்கு மேலே கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ஒன்றும் பேசவில்லை.

வெள்ளி மாலை ரிசல்ட். டி செல் ரிஜெக்‌ஷன், பான்ஃப் என்ற பயாப்ஸித் தரவரிசையில் 1ஏ. வேலூர் சார், நீங்கள் எழுதிய அதே வகை. டாக்டர் அந்த வார்த்தையைச் சொன்னதும் எனக்கு உடம்பு சில்லிட்டுப்போனது. ரத்து செய்திருந்தால்?

நேற்றிரவே மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை 500 மில்லிகிராம் நரம்பில் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள், மூன்று நாள். சர்க்கரை ஏறுகிறது, இன்சுலின் கொடுக்கிறார்கள். தம்பியே அம்மாவிடம் மாத்திரை விட்டதைச் சொல்லிவிட்டான்.

வேலூர் லேப் | சனி, இரவு 9.15

தம்பியிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அம்மாவிடம் சொன்னது பெரிய விஷயம். 1ஏ என்றால் ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டீர்கள், இந்த மருந்துக்குப் பெரும்பாலும் மடங்கும்.

அந்தச் சோதனைக்குக் கொடுத்த காசு முழுக்க வீண் என்று அவர் நினைக்க வேண்டாம். டாக்டர் சொன்னது சரிதான், ஆன்டிபாடி வகையில் அது நன்றாகவே வேலை செய்கிறது. 2024-ல் ஐரோப்பா, அமெரிக்காவின் 14 மையங்களில் 2,882 பேரை வைத்துப் பெரிய ஆய்வு ஒன்று வந்தது. மற்ற விவரங்களோடு இந்த நம்பரையும் சேர்த்துப் பார்த்தால் ரிஜெக்‌ஷனை இன்னும் நன்றாகக் கணிக்கலாம் என்று காட்டியது. "சேர்த்துப் பார்த்தால்" என்பதை நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். டி செல் வகைக்குச் சிறுநீரிலேயே தடயம் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். நியூயார்க்கில் மாணிக்கம் சுதந்திரன் குழு 2013-ல் 485 பேரின் சிறுநீர் செல்களில் இதைக் காட்டியது. அது நம் ஊர் லேப்புக்கு மலிவாக வந்துசேர வேண்டும் என்பது என் ஆசை.

எடிசன் இதயம் | ஞாயிறு, காலை 6.50

ராத்திரி முழுக்க இந்த இழையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது டோஸ் முடிந்ததும் கிரியாட்டினின் எவ்வளவு என்று எழுதுங்கள் அக்கா.

தம்பியின் அக்கா | அடுத்த வியாழன், இரவு 9.30

திங்கள் 1.6. செவ்வாய் 1.5. இன்று 1.3. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்துவிட்டோம்.

நெல்லை அண்ணா, கடிதம் கொடுத்தோம். அடுத்த மாதத்திலிருந்து பகல் ஷிஃப்ட் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரைக்கும் இரவு 9 மணிக்கு மெஷினை ஐந்து நிமிஷம் பார்த்துக்கொள்ளப் பக்கத்தில் வேலை செய்யும் பையனிடம் பேசிவைத்திருக்கிறான். கல்லீரல் அம்மா, உங்களோடு பேசிய பிறகு அம்மா நன்றாகத் தூங்கினார். உங்கள் மகளைப் பார்க்க வேண்டும் என்கிறார்.

அண்ணா, திங்கட்கிழமை லெவல் எடுக்கப் போகிறோம். முந்தின இரவு 9 மணிக்கு மாத்திரை. காலையில் வெறும் வயிற்றோடு கிளம்புகிறோம், மாத்திரை அம்மாவின் கைப்பையில் வருகிறது. 9 மணிக்கு ரத்தம் கொடுத்தபின் லேப் வாசலிலேயே மாத்திரை. ஒரு மணி நேரம் கழித்து இட்லி. சரிதானே?

பதினாலு வருஷம் | அடுத்த வியாழன், இரவு 9.48

ரொம்ப சரி தங்கச்சி. தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொள்ளுங்கள்.